கையில் கொடுத்த மாத்திரை

யாராவது என் முகத்தைப் பார்த்து நன்றி சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. ஊசி போட்டதற்குச் சொல்வார்கள், கட்டு மாற்றியதற்குச் சொல்வார்கள். "சரி சரி, கிளம்புங்க" என்று விரட்டிவிடுவேன். படப்பையில் நான் இப்போது வேலை செய்யும் கிளினிக்கில் என்னைச் சிடுமூஞ்சி சிஸ்டர் என்று பேசிக்கொள்வார்கள். பேசட்டும். எனக்கு இந்த வியாதி வந்தது ஒரு அக்காவால். அவள் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுத வேண்டிய இடத்தில் எழுதாதவள், இப்போது எழுதி என்ன கிழிக்கப்போகிறேன்?

ஆறு வருஷத்துக்கு முன்பு நான் வல்லம் வடகால் பக்கம் ஒரு கம்பெனியில் நர்சாக இருந்தேன். கார்களுக்குள்ளே ஓடும் ஒயர்களைக் கட்டுக் கட்டாகச் சேர்த்து டேப் சுற்றி அனுப்புகிற கம்பெனி. எல்லாம் பெண்கள். எட்டு மணி நேரமும் நின்றுகொண்டே வேலை. ஓ.டி. இருந்தால் பன்னிரண்டு. எனக்கு ஒரு சின்ன அறை, ஒரு கட்டில், ஒரு அலமாரி மாத்திரை, ஒரு ரெஜிஸ்டர். டாக்டர் வியாழக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் வருவார்.

அக்கா நான்காம் லைனில் டேப் சுற்றுகிறவள். நாற்பதைத் தாண்டியிருப்பாள். அந்த லைனில் அவள்தான் மூத்தவள். அவளைப் பற்றி எல்லோரும் முதலில் சொல்வது, எதற்கெடுத்தாலும் தேங்க்ஸ் சொல்வாள் என்பதைத்தான். ஆனால் சும்மா சொல்லமாட்டாள். எதற்கு என்று காரணம் சொல்லித்தான் சொல்வாள். பஸ்ஸிலிருந்து இறங்கும்போது டிரைவரிடம், "அந்தப் பள்ளத்துல மெதுவா எறக்கினியே, தேங்க்ஸ்பா" என்பாள். வாசலில் உடம்பைத் தடவிச் சோதனை போடுகிற செக்யூரிட்டிப் பெண்ணிடம், "உன் கை சூடா கீதும்மா, குளிருக்கு நல்லா இருந்திச்சி, தேங்க்ஸ்" என்பாள். அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பதா திட்டுவதா என்று தெரியாது. கேன்டீனில் சாம்பாரில் ஒரு முருங்கைக்காய்த் துண்டு கூடுதலாக விழுந்தாலும் போச்சு, கரண்டி பிடித்தவன் வெட்கப்பட்டு ஓடுகிற அளவுக்குச் சொல்வாள்.

லைன் லீடருக்கு மட்டும் அவள் தேங்க்ஸ் சொல்லி யாரும் கேட்டதில்லை. "இன்னாக்கா, எங்க சாருக்கு மட்டும் கெடையாதா?" என்று பெண்கள் அவளைச் சீண்டுவார்கள்.

"குடுத்தா சொல்லுவேன்" என்பாள். "குடுக்காததுக்கு சொன்னா பொய்யாயிடும்ல?"

இதை அப்போது ஒரு வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டோம்.

இனி ஸ்வீட் பாக்ஸ் கதையைச் சொல்லியாக வேண்டும். நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். மாதம் முழுக்க எந்த லைனிலிருந்து ஒருவர்கூட என் அறைக்கு வரவில்லையோ, அந்த லைனுக்கு மாதக் கடைசியில் ஆளுக்கொரு ஸ்வீட் பாக்ஸ். கை தட்டல், போட்டோ, நோட்டீஸ் போர்டில் படம். 'ஆரோக்கியமான லைன்' என்று பெயர் வேறு! கால் கிலோ மைசூர்பாகுக்காகப் பெண்கள் வலியை விழுங்கினார்கள் என்று நினைக்காதீர்கள். விழுங்க வைத்தது ஸ்வீட் இல்லை, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியிருந்ததுதான். உன்னால்தானே போச்சு என்று முப்பது பேர் ஒருத்தியைப் பார்த்தால் அவள் அடுத்த தடவை காலே உடைந்தாலும் வரமாட்டாள். இதைக் கண்டுபிடித்தவனுக்கு எவ்வளவு மூளை பாருங்கள். ஒரு சட்டமும் போடவில்லை, ஒருத்தரையும் தடுக்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிள்ளைகளுக்குக் கொடுக்கச் சொல்லி இனிப்புதான் கொடுத்தான்.

அக்கா இடுப்பு வலி என்று முதலில் வந்தது ஒரு ஜூன் மாதம். ரெஜிஸ்டரில் எழுதினேன், மாத்திரை கொடுத்தேன், பத்து நிமிஷம் படுக்கவைத்து அனுப்பினேன். நான்காம் லைனுக்கு அந்த மாதம் ஸ்வீட் கிடைக்காமல் போயிற்று. ஜூலையிலும் வந்தாள். அதுவும் போயிற்று. கை கழுவுகிற இடத்தில் அவள் காதுபடவே ஒருத்தி, "கெழவிங்கள லைன்ல போட்டா இப்டிதான்" என்றாள். அக்கா குழாயை மூடிவிட்டு நகர்ந்தாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பொறுக்கவில்லை.

பொறுக்காமல் என்ன செய்தேன்? லைன்காரிகளைத் திட்டினேனா? ஹெச்.ஆரிடம் போய் இதெல்லாம் அநியாயம் என்று சண்டை போட்டேனா? இல்லை. அடுத்த நாள் கேன்டீனில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, நாலு மாத்திரையைக் காகிதத்தில் மடித்து அவள் கையில் வைத்தேன்.

"ரூமுக்கு வராதீங்கக்கா. வலிச்சா எங்கிட்ட கண்ணைக் காட்டுங்க, நானே கொண்டாந்து குடுக்கிறேன். ரெஜிஸ்டர்ல ஏறாது."

அவள் கண் கலங்கிவிட்டது. "என் பேரு கெடாம பாத்துக்கினியே சிஸ்டர், ரொம்ப தேங்க்ஸ்" என்றாள். எனக்கும் பெருமைதான். புண்ணியம் செய்துவிட்ட பெருமை.

அந்தக் கம்பெனியில் இன்னொரு விதியும் இருந்தது. அது நல்ல விதி. ஒரே வலிக்கு ஒருவர் மூன்று தடவை ரெஜிஸ்டரில் ஏறினால் கட்டாயம் டாக்டரிடம் காட்ட வேண்டும். டாக்டர் பார்த்து வெளியே ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுப்பார். அக்காவுக்கு இரண்டு தடவை ஏறியிருந்தது. மூன்றாவது ஏறவே இல்லை. ஏறவிடாமல் பார்த்துக்கொண்டது நான். ஆகஸ்டிலிருந்து மார்ச் வரை, எட்டு மாதம், கையிலேயே கொடுத்தேன். அவள் மட்டுமா? மெல்ல மெல்ல எல்லா லைனிலிருந்தும் கண்ணைக் காட்ட ஆரம்பித்தார்கள். என் வெள்ளைக் கோட்டுப் பையில் எப்போதும் மாத்திரை இருக்கும். நல்ல சிஸ்டர் என்று பெயர் வாங்கினேன்.

பொங்கல் முடிந்த வாரத்தில் ஒரு நாள் அக்கா, "அக்குள்ல ஒரு மாதிரி நெரடுது சிஸ்டர், கையத் தூக்க முடியல" என்றாள். கேன்டீன் வரிசையில் நின்றுகொண்டிருந்தோம். சட்டைக்கு மேலேயே தொட்டுப் பார்த்தேன். "நெறி கட்டியிருக்கும்க்கா, டேப் சுத்துற கை இல்லையா" என்றேன். அவள், "அப்டியா, பயந்தே பூட்டேன். சொன்னியே, தேங்க்ஸ்" என்றாள்.

நான் மூன்றரை வருஷம் நர்சிங் படித்தவள். மார்புப் புற்று அக்குளில் நெறியாகத் தெரியும் என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள். வரிசை நகர்ந்தது, தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

மார்ச்சில் ஒரு காலை கம்பெனி பஸ்ஸிலிருந்து அவளால் இறங்க முடியவில்லை. கால் எடுக்க வரவில்லை. அவள் புருஷன் படப்பைக்கும் ஒரகடத்துக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். ஆட்டோவிலேயே சென்னைக்குக் கொண்டுபோனார். மார்பில் ஆரம்பித்து முதுகெலும்பு வரைக்கும் பரவிவிட்டதாம். வலி குறைய மருந்து கொடுக்கலாம், கொஞ்சம் நாள் கூட்டலாம், அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டார்கள்.

செய்தி வந்த அன்று ஹெச்.ஆர். அதிகாரி என் அறைக்கு வந்து ரெஜிஸ்டரைக் கேட்டார். பக்கம் பக்கமாகப் புரட்டினார். "ரெண்டே ரெண்டு என்ட்ரி. அதுவும் போன வருஷம். அப்புறம் ஒரு கம்ப்ளெய்ன்ட்டும் இல்ல. நல்லவேளை" என்றார்.

நல்லவேளை என்றான் ஐயா அவன்! அங்கே ஒருத்தி கால் விழுந்து கிடக்கிறாள், இங்கே இவனுக்கு நல்லவேளை. என் வாய்வரை வந்தது. மென்று முழுங்கினேன். அப்போது என் சம்பளத்தில்தான் எங்கள் வீடு நடந்தது. தவிர, எழுதாதது நான். அவனைக் கேட்டால் முதல் கேள்வி என்னிடம்தான் திரும்பும். அதனால் வாயை மூடிக்கொண்டேன். அவன்மேல் வந்த கோபத்தில் பாதி பயம் என்று அப்போதே எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் மதியம் அவள் வீட்டுக்குப் போனேன். முதுகில் புண் வராமல் பார்க்க, குளிப்பாட்ட, மருந்து சரிபார்க்க. தொழிற்பேட்டைக்கு நிலம் போன கிராமத்தில், பேக்டரிச் சுவரை ஒட்டிய கடைசி வீடு. ஷீட் கூரை. சன்னல் வழியாகக் கன்டெய்னர் லாரிகள் தெரியும்.

அங்கேதான் அவளுடைய இன்னொரு பட்டியலைக் கேட்டேன். மதியம் நாலு மணிக்கு ஜெபம் பண்ணுவாள். கண்ணை மூடி, சத்தமாக, பக்கத்தில் யார் இருந்தாலும் கூச்சம் கிடையாது. "இட்லி ரெண்டு எறங்கிச்சி, ஸ்தோத்திரம். காலையில வாந்தி இல்ல, ஸ்தோத்திரம். அவரு என் தலைய சீவி வுட்டாரு, கோணலா சீவினாரு, ஆனா சீவினாரு, ஸ்தோத்திரம். சிஸ்டர் வந்து முதுகு தொடச்சா, ஸ்தோத்திரம்." என் பெயர் வரும்போதெல்லாம் எனக்கு உடம்பு கூசும்.

ஒருநாள் தாங்காமல் கேட்டேன். "இவ்ளோ வலியையும் குடுத்துட்டு இருக்கிற ஆளுக்கு எதுக்குக்கா தேங்க்ஸ்? நானா இருந்தா நாக்கப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்டிருப்பேன்."

அவள் சிரித்தாள். "நான் கேக்கலன்னு யாரு சொன்னது? முதல் மாசம் முச்சூடும் கேட்டேன். பதிலே இல்ல. கேட்டுக்கினே இருந்தா வலி மட்டும்தான் சிஸ்டர் தெரியுது, வேற ஒண்ணும் கண்ணுக்குத் தெரியல. கெடச்சத ஒவ்வொண்ணா சொன்னா, ஐயே, இதுவும் இருந்திச்சான்னு இருக்கும். அப்ப அவரு பக்கத்துல கீறாரு மாதிரி தோணும். அது போதும்."

எனக்கு அது புரியவும் இல்லை, பிடிக்கவும் இல்லை. கிடைக்காமல் போனதை யார் சொல்வது? எழுதாமல் போன மூன்றாவது வரியை யார் சொல்வது? அவள் அமைதியாக இருக்க இருக்க எனக்கு ஆத்திரம் ஏறியது.

அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறவள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஒரு ஞாயிறு அது தப்பு என்று தெரிந்தது. எங்கிருந்தோ ஒரு வேனில் ஜெபக்காரர்கள் வந்தார்கள். அவள் போகிற சபையைச் சேர்ந்தவர்கள் இல்லை, வெளி ஆட்கள். தலையில் கை வைத்துக் கத்தி ஜெபித்தார்கள். முடிந்ததும் பெரியவராக வந்தவர், "சுகமாயிட்டேன்னு வாயால அறிக்கை பண்ணும்மா. அடுத்த வாரம் கூட்டத்துல சாட்சி சொல்லணும். மருந்து வேணாம். மருந்து எடுத்தா அது அவிசுவாசம்" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா கையைக் காட்டி என்னை நிறுத்தினாள்.

"ஐயா, இவ்ளோ தூரம் வந்து எனக்காக ஜெபிச்சீங்க, அதுக்கு ஸ்தோத்திரம். ஆனா எனக்கு சுகம் ஆவல. ஆவாதத ஆச்சின்னு சொன்னா, அது ஆண்டவருக்கே பொய் சாட்சி. நான் சொல்ல மாட்டேன். சிஸ்டர், அந்த மருந்த எடு, மணி ஆச்சி."

அவர்கள் கண் முன்னாலேயே வாங்கி விழுங்கினாள். அந்த ஆள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! விசுவாசம் போதவில்லை என்று முணுமுணுத்துக்கொண்டே வேனில் ஏறினார்கள். அக்கா புருஷன் வாசலில் நின்று அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சிரித்தார்.

வேன் போன பிறகு எனக்கு உட்கார முடியவில்லை. பொய்ச் சாட்சி என்ற சொல் உள்ளே குத்திக்கொண்டே இருந்தது. நாலு மணி ஆயிற்று. அவள் கண்ணை மூடி ஆரம்பித்தாள். என் பெயர் வருவதற்குள் நிறுத்தினேன்.

"என்னைச் சொல்லாதீங்கக்கா" என்றேன். பிறகு எல்லாவற்றையும் கொட்டினேன். மூன்று தடவை விதி, எழுதாத எட்டு மாதம், அக்குளைத் தொட்டும் யோசிக்காமல் விட்டது. "எழுதியிருந்தா ஆகஸ்டுலயே டாக்டர் பாத்திருப்பாருக்கா. அப்பவே தெரிஞ்சிருக்கலாம்."

அவள் கூரையைப் பார்த்தாள். புருஷன் வாசற்படியில் உட்கார்ந்தபடியே தலையைக் குனிந்துகொண்டார்.

"மூணு தடவன்னு ஒரு விதி கீதுன்னு எனக்கு ஏன் சொல்லல?" என்றாள். சின்னக் குரல்தான்.

"உங்களத் திட்டினாங்களேக்கா. பாவமா இருந்திச்சி."

"திட்டினா திட்டிட்டுப் போறாளுங்க. செத்தா பூடுவேன்?" என்றவள் தானே நிறுத்தினாள். அந்தக் கேள்விக்கு இப்போது பதில் இருந்தது. அவள் முகம் சிவந்துவிட்டது. நான் அவளை அப்படிப் பார்த்ததே இல்லை. "எனக்குப் பதினாலு வயசுல பொண்ணு கீதுடி" என்றாள். அதுவரை என்னை சிஸ்டர் என்று தவிர வேறெதுவும் சொன்னதில்லை.

நான் அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "அழாத" என்றாள். "உன் அழுகைய வெச்சிக்கினு நான் இன்னா பண்றது? மாத்திரைக்கு சொன்ன தேங்க்ஸ திருப்பிக் கேக்கல. வலி கேட்டுச்சி, அது நெசம். ஆனா இது வேற. இத எங்கிட்ட சொல்லி பிரயோஜனம் இல்ல, எனக்கு முடிஞ்சி போச்சி. இப்பவும் கையிலதான் குடுக்கிறியா, அங்க?"

என் கோட்டுப் பையில் நேற்று மிச்சமான மாத்திரைகள் இருந்தன.

"அப்ப சொல்ற எடத்துல போய் சொல்லு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சொன்னேனா? மூன்று தடவை ஹெச்.ஆர். அறைக் கதவுவரை போனேன். மூன்று தடவையும் ஏதோ ஒரு பேப்பரில் கையெழுத்து வாங்குகிற சாக்கில் திரும்பி வந்தேன். பெண்கள் அறைக்கு வந்தால் ரெஜிஸ்டரில் எழுத மட்டும் ஆரம்பித்தேன். "இன்னா சிஸ்டர், ஒரேயடியா மாறிட்டே" என்று முறைத்தார்கள். பாதிப் பேர் வருவதையே நிறுத்தினார்கள். வலியை மட்டும் அவர்கள் நிறுத்தியிருக்க மாட்டார்கள்.

ஞாயிறுதோறும் போனேன். முதுகைத் துடைக்க விட்டாள், மருந்தை வாங்கிக்கொண்டாள். "சொன்னியா?" என்று மட்டும் கேட்பாள். "இன்னும் இல்லக்கா" என்பேன். நாலு மணிக்கு ஜெபம் பண்ணுவாள். இட்லிக்கு ஸ்தோத்திரம், காற்றுக்கு ஸ்தோத்திரம், பொண்ணு கணக்கில் பாஸ் ஆனதற்கு ஸ்தோத்திரம். என் பெயர் வராது. ஒரு தடவை ஆமென் சொல்லிவிட்டு என்னைப் பார்த்து, "உன்ன நான் சபிக்கல. உன் மேல கோவமும் போகல. ரெண்டையும் அவருகிட்ட சொல்லிக்கினுதான் கீறேன். உன் பேர மட்டும் இப்ப சேக்க முடியாது, பொய்யாயிடும்" என்றாள். அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

நான் எல்லாவற்றையும் கொட்டிய ஞாயிறிலிருந்து ஆறாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை இறந்துபோனாள்.

வீட்டு வாசலில் பந்தல் போட்டுப் பெட்டியை வைத்திருந்தார்கள். மதியம் ஷிப்டு முடிந்து நான்காம் லைன் பெண்கள் யூனிபார்மோடு கம்பெனி பஸ்ஸிலேயே வந்து இறங்கினார்கள். அவளைக் கெழவி என்றவளும் வந்து தேம்பித் தேம்பி அழுதாள். ஹெச்.ஆர். அதிகாரி பெரிய மாலையோடு வந்தார். அடக்கம் பண்ண எடுப்பதற்கு முன்பு இரண்டு மூன்று பேர் நாலு வார்த்தை பேசுவது அந்தச் சபையில் வழக்கம். பாஸ்டர் அவரைப் பேசச் சொன்னார்.

"எங்க கம்பெனில இவங்கள மாதிரி ஒருத்தர நான் பாத்ததில்ல" என்று ஆரம்பித்தார். "எல்லாத்துக்கும் நன்றி சொல்லுவாங்க. எப்பவும் சிரிச்ச முகம். ஒரு நாள் ஒரு வலின்னு வந்து நின்னதில்ல. ஒரு கம்ப்ளெய்ன்ட் கிடையாது. நாம எல்லாரும் இவங்ககிட்ட கத்துக்கணும்."

பந்தலில் தலைகள் ஆடின. அவள் மகள் பெட்டியின் ஓரத்தைப் பிடித்தபடி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்குக் காதெல்லாம் சூடேறியது. செத்த பிறகும் விடமாட்டார்களா இவளை? உயிரோடு இருந்தபோது வலியைப் பிடுங்கிக்கொண்டார்கள், இப்போது அவள் வாயில் இல்லாத சாட்சியை வைத்துப் பெட்டியை மூடப்போகிறார்கள். நான் எழுந்துவிட்டேன். எழுந்தது எனக்கே பிறகுதான் தெரிந்தது.

"பொய் சார்" என்றேன். குரல் கிறீச்சிட்டது. "வலிக்குதுன்னு சொன்னாங்க. எட்டு மாசம் சொன்னாங்க. எங்கிட்ட சொன்னாங்க. நான்தான் எழுதல. உங்க ஸ்வீட் பாக்ஸ் போயிடும்னு, லைன்ல திட்டுவாங்கன்னு எழுதல. கையில மாத்திரையக் குடுத்து வாயை அடைச்சேன். எழுதியிருந்தா டாக்டர் பாத்திருப்பாரு. நீங்க புரட்டிப் பாத்து நல்லவேளைன்னு சொன்னீங்களே, அந்த ரெஜிஸ்டர் பொய் சார்."

"சிஸ்டர், இது இடமில்ல" என்றார் அவர், பல்லைக் கடித்துக்கொண்டு.

"இதுதான் இடம்" என்று சொன்னது நான் இல்லை. அக்காவின் புருஷன். பெட்டிக்குப் பக்கத்தில் நின்றவர் நகரவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை. "அவங்க பேசட்டும்."

சொல்ல வேண்டியது அவ்வளவுதான். சுவருக்கு அந்தப் பக்கம் லாரி ஒன்று பின்னால் வரும் பீப் சத்தம் மட்டும் கேட்டது.

அப்போது யூனிபார்ம் கூட்டத்தின் பின்வரிசையில் ஒருத்தி எழுந்தாள். இருபத்துமூன்று, இருபத்துநாலு வயது இருக்கும். நான்கு மாதமாக என்னிடம் கண்ணைக் காட்டிக்கொண்டிருந்து, நான் எழுத ஆரம்பித்ததும் வராமல் போனவள். ஹெச்.ஆரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். ஒரு கையைத் துப்பட்டாவுக்குள் விட்டு இடது மார்பின் மேல் வைத்துக்கொண்டாள்.

"சிஸ்டர்" என்றாள். "எனக்கும் இங்க ஒண்ணு கீது."